மரத்தடி மெக்கானிக்குக்காக ஒரு வழக்குரை

"உனக்கென்ன விசரா மச்சான்? இவ்வளவு காசு குடுத்து வாங்கின காரை மரத்துக்குக் கீழ படுத்துக் கிடக்கிறவனிட்டக் குடுக்கிறாய். கொம்பனிக்குக் கொண்டுபோவன்."

சென்ற ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு வந்திருந்த என் மைத்துனர் அடம்பனில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னது இது. முப்பது ஆண்டுகளாகக் கனடாவில் வாழ்பவர். விருந்தாளியோடு வாதிடுவது எங்கள் பக்கத்து வழக்கமன்று என்பதால் சிரித்துவிட்டுத் தேநீரை நீட்டினேன். மைத்துனர் மட்டும் சொல்லியிருந்தால் மறந்தும் இருப்பேன். ஆனால் கொழும்பில் இருக்கும் படித்த நண்பர்களும், லீசிங் கொடுக்கும் வங்கிக்காரரும், காப்புறுதிப் பத்திரத்தோடு வரும் இளைஞரும் வெவ்வேறு சொற்களில் இதையேதான் சொல்கிறார்கள். கொம்பனிப் பணிமனை என்றால் அறிவு. ஊர்க் கராஜ் என்றால் ஆபத்து. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, இதனால் இலாபம் அடைகிறவர் யார் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எழுத்துக்கு விருந்தோம்பல் விதி கிடையாது. ஆகவே, முற்றத்தில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி. மரம் உண்மைதான். பெரிய வேம்பு. அதன் கீழே தகரக் கொட்டகை, பக்கத்தில் சீமெந்துக் குழி, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பனர்கள், ஒரு மூலையில் குடல் பிரித்துப் போட்ட மெசி பெர்குசன் உழவு இயந்திரம். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் பூமி இது. பெரும்போக அறுவடைக் காலத்தில் அந்தக் கொட்டகையின் முன்னால் கார்களைவிட உழவு இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர்களும்தான் அதிகம் நிற்கும். உரிமையாளருக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னை அண்ணை என்பார். பெயர் வேண்டாம். பெயர் போட்டால் வெட்கப்படுவார். வருமான வரிக்காரருக்கு நான் ஏன் முகவரி கொடுக்கவேண்டும் என்பது இன்னொரு காரணம்.

இனி என் காரின் கதை. அதன் வகையையும் முகவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. என் முறைப்பாடு ஒரு கொம்பனியின் மீதன்று, ஒரு முறையின் மீது. 2018ஆம் ஆண்டு கொழும்பில் வாங்கிய, ஜப்பானில் ஓடிய பழைய ஹைபிரிட் கார் அது. வாங்கிய நாள்முதல் தவறாமல் கொழும்பு முகவரிடமே சேர்விஸ் செய்தேன். நான் கொழும்புப் பத்திரிகை வேலையை விட்டு ஊரோடு வந்தபிறகும், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிப்போய் அந்தக் கண்ணாடி மாளிகையின் குளிரறையில் கோப்பி குடித்தபடி காத்திருந்தேன். மைத்துனர் இன்று சொல்வதை அன்று நானே நம்பினேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2023 ஜனவரியில் ஒருநாள் மதவாச்சியிலிருந்து திரும்பும் வழியில், முருங்கனைத் தாண்டியதும் முகப்புப் பலகையில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கார் இழுவையை இழந்தது. முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஓடவேண்டாம் சேர், லொறியில் ஏற்றி அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினேன். நான்கு நாட்களின் பின் பதில் வந்தது: ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது, முழுவதையும் மாற்றவேண்டும், ஏழு இலட்சத்துச் சொச்சம். பற்றரியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "கணினி காட்டுகிறது சேர்" என்றார் அந்த இளைஞர். மிகவும் மரியாதையான பிள்ளை. அவரில் எனக்குக் கோபமில்லை.

கணினி என்ன காட்டியது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்தக் கோளாறுக் குறியீட்டின் இலக்கம் பி-0-ஏ-80. அதற்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும் விளக்கமே 'ஹைபிரிட் பற்றரியை மாற்றுக' என்பதுதான். வாசகர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். காய்ச்சல் பார்க்கும் கருவி நூற்றிரண்டு பாகை என்று காட்டினால் அது தகவல். 'நோயாளியின் ஈரலை மாற்றுக' என்று காட்டினால்? அந்தக் குறியீடு உண்மையில் அறிந்து சொல்வது, பற்றரியின் பகுதிகளுக்கிடையே மின்னழுத்தம் சமனாக இல்லை என்பது மட்டுமே. ஏன் சமனாக இல்லை என்பது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு மனிதன் மூடியைக் கழற்றவேண்டும்.

பரிசோதனைக் கட்டணத்தைக் கட்டி, 'திருத்தாமல் எடுத்துச் செல்கிறேன், இனி எது நடந்தாலும் கொம்பனி பொறுப்பல்ல' என்ற கடதாசியில் கையெழுத்து வைத்து, மறுபடி லொறி பிடித்துக் காரை அடம்பனுக்குக் கொண்டுவந்தேன். ஏழு இலட்சம் என்னிடம் இல்லை என்பதே உண்மையான காரணம். கொள்கை பிறகுதான் வந்தது.

தம்பி உடனே கை வைக்கவில்லை. தன் கைத்தொலைபேசியோடு பொருந்தும் சிறு ஸ்கானரைச் செருகிப் பார்த்தார். பிறகு, "அண்ணை, இதுக்குள்ள இருநூறு வோல்ற் கிட்ட நிக்கும். சரியான கையுறை இல்லாமல் நான் திறக்கமாட்டன்" என்றார். இரண்டு நாள் கழித்து மன்னாரிலிருந்து மின்சார வேலைக்காரர் அணியும் தடித்த இறப்பர் கையுறை வந்தது. அனுராதபுரத்தில் ஹைபிரிட் வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அரைமணி நேரம் பேசினார். அவருடைய சிங்களமும் மற்றவருடைய தமிழும் சேர்ந்து ஒரு முழு மொழியாக இருந்தது. பிறகு பாதுகாப்புச் செருகியைக் கழற்றி, எஞ்சிய மின்சாரம் இறங்கும்வரை பத்து நிமிடம் வேம்பின் கீழே வெற்றிலை போட்டுக் காத்திருந்து, மூடியைத் திறந்தார்.

ஹைபிரிட் பற்றரி என்பது ஒற்றைப் பெட்டியன்று. செங்கல் அடுக்கியதுபோல் சிறு சிறு பகுதிகள் வரிசையாக நிற்கும். அவற்றைச் செப்புத் தகடுகள் ஒன்றோடொன்று இணைக்கும். எங்கள் ஊரில் வருடம் முழுவதும் கடற்காற்று. செப்புத் தகடுகளில் பச்சைப் பாசிபோல் களிம்பு ஏறியிருந்தது. பற்றரியைக் குளிர்விக்கும் சிறு விசிறியின் வாயில் செம்மண் தூசு களிமண்ணாக அடைத்திருந்தது. அவர் ஒவ்வொரு பகுதியையும் மீற்றரால் அளந்து, கொப்பித் தாளில் பென்சிலால் எழுதினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. களிம்பு ஏறிய இரண்டு இடங்களில்தான் கணக்குப் பிழைத்தது. தகடுகளைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்து, துருப்பிடித்த நட்டுகளுக்குப் புதியவை போட்டு, விசிறியைச் சுத்தம் செய்து பூட்டினார். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. கையுறைக்கு அவர் காசு வாங்கவில்லை. "அது எனக்குத்தானே அண்ணை" என்றார்.

சிவப்பு முக்கோணம் அணைந்தது. இரண்டு வருடங்களின் பின் ஒரு பகுதி உண்மையாகவே பலவீனப்பட்டு, பழைய பற்றரி ஒன்றிலிருந்து கழற்றிய பகுதியொன்றை மாற்றினார். இதை மறைக்க விரும்பவில்லை. வயதான பற்றரிக்கு வினாகிரி அமுதமாகாது. ஒருநாள் முழுவதையும் மாற்றவேண்டித்தான் வரும். ஆனால் அந்த நாள் 2023 ஜனவரியில் வரவில்லை.

நிற்க. இது ஒருவனுடைய காரின் கதை. இதைக்கொண்டு உலகத்தை அளக்கமுடியாது என்று சிலர் சொல்லக்கூடும். நியாயம். அப்படியானால் இந்த மண்ணின் கதையைப் பார்ப்போம்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின், வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு என்று நீண்ட பட்டியலுக்குத் தடை வந்தது. அடம்பனும் அந்தப் பகுதிக்குள்தான் இருந்தது. தம்பிக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயது. உழவு இயந்திரம் திருத்தும் ஒரு முதியவரிடம் எடுபிடியாக நின்றார். கார் உலகின் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடத்தை அந்தத் தலைமுறை படித்தது: பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது.

அது விளையாட்டன்று. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதில் இயங்காது. சூப்பிப் போத்தலில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும். அதிக அமுக்கத்தில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆகவே தலைக்கஸ்கற்றைத் தடிப்பாக்கி அமுக்கத்தைக் குறைத்தார்கள். எரியாத மண்ணெண்ணெய் சுவரோரமாக வழிந்து ஒயிலோடு கலந்து அதை நீராக்கும். ஆகவே ஒயிலை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து மாற்றும் நாளை முடிவுசெய்தார்கள். ஒஸ்ரின் கேம்பிரிஜ், ஏ40, மொறிஸ் மைனர் என்று எங்கள் அப்பாக்களின் காலத்துக் கார்கள் இப்படித்தான் கர்ப்பிணிகளையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றின. பின்னால் வெள்ளைப் புகை. உள்ளே இருப்பவருக்குத் தலையிடி. ஆனால் போய்ச் சேர்ந்தன.

மொறிஸ் மைனரைத் தயாரிப்பது 1970களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. ஒஸ்ரின் என்ற வணிகப் பெயரே 1980களில் மறைந்துவிட்டது. கொம்பனி செத்துப்போன பிறகும், உதிரிப்பாகமும் எரிபொருளும் இல்லாத வன்னிக் காட்டோரத்தில், அந்தக் கார்கள் ஓடின. 'உண்டாக்கியவனுக்குத்தான் திருத்தத் தெரியும்' என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இதற்கு என்ன விளக்கம் சொல்வார்கள்?

2008 மே மாதம் அடம்பன் இராணுவத்திடம் விழுந்தது. அதற்கு முன்பே சனங்கள் புறப்பட்டுவிட்டார்கள். தம்பியும் உழவு இயந்திரப் பெட்டியில் ஆயுதப் பெட்டியை ஏற்றிக்கொண்டு - ஆயுதம் என்றால் எங்கள் வழக்கில் ஸ்பனரும் சுத்தியலும்தான், வேறு அர்த்தம் கொள்ளவேண்டாம் - இடம்மாறி இடம்மாறி முள்ளிவாய்க்கால்வரை போனார். அங்கே ஆயிரக்கணக்கான வாகனங்களோடு அதுவும் கிடந்தது. முகாம் வாழ்வு முடிந்து ஊர் திரும்பியபோது கையில் ஒரு ஸ்பனர்கூட இல்லை. முதல் செற்றை வவுனியாவில் கடனுக்கு வாங்கினார். முதல் வேலை, உரிமையாளர்கள் பத்திரத்தைக் காட்டி மீட்டு வந்த துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்களை உயிர்ப்பிப்பது.

அந்த நாட்களில் வடக்குக்கு முதலில் ஓடிவந்தவை லீசிங் கொம்பனிகள். விற்பதற்கு வந்தார்கள். தவணை தவறினால் பறிப்பதற்கும் வந்தார்கள். திருத்துவதற்கு வந்தவரை நான் காணவில்லை.

இவ்விடத்தில் ஒரு பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்ளவேண்டும். கொழும்பில் பத்திரிகையில் இருந்தபோது மோட்டார் வாகன விளம்பர அனுபந்தங்களுக்குக் கட்டுரை எழுதும் வேலை அடிக்கடி என் தலையில் விழும். 'உரியவரிடமே ஒப்படையுங்கள்' என்று தலைப்புப் போட்டு நானே முழுப்பக்கம் எழுதியிருக்கிறேன். அனுமதியற்ற கராஜ்களில் திருத்தினால் உயிருக்கு ஆபத்து என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு ஆதாரம் என்னவென்று நான் யாரையும் கேட்கவில்லை. விளம்பரப் பகுதியிலிருந்து வந்த தாளில் இருந்தது, எழுதினேன். அந்தப் பக்கத்துக்குக் கொம்பனி எவ்வளவு கட்டியது என்பது எனக்குத் தெரியும். வேம்படிக் கொட்டகைக்காரர் என்றைக்காவது முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருக்கிறாரா? நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று மேலே கேட்டேன் அல்லவா, பதிலின் ஒரு பகுதி என் பேனாவிலேயே இருக்கிறது.

மறுபகுதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. புதிய கார் விற்பதில் போட்டி கடுமை. விலையைக் குறைத்துத்தான் விற்கவேண்டும். விற்ற காருக்கு உதிரிப்பாகம் விற்பதிலும் அதைப் பூட்டிக் கூலி வாங்குவதிலும் போட்டியே இருக்கக்கூடாது என்பதுதான் வணிகத்தின் கனவு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் 2022இல் ரூபா சரிந்து, டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியது. விற்க கார் இல்லாத அந்த ஐந்து ஆண்டுகளும் பெரிய மாளிகைகளுக்குப் பணிமனைதானே வயல்? அதே ஐந்து ஆண்டுகளில் இந்த நாட்டின் பழைய கார்களையும் ஓட்டோக்களையும் லொறிகளையும் தெருவில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாகம் தேடித் திரிந்த சிறு கராஜ்காரர்கள்.

இது என் கற்பனைக் குற்றச்சாட்டு என்று நினைப்பவர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்க்கட்டும். இந்தியாவில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011ஆம் ஆண்டு இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறைப்பாடு செய்தார். கார்க் கொம்பனிகள் உதிரிப்பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிக் கராஜ்களுக்குக் கொடுப்பதில்லை, ஆகவே உரிமையாளர் வேறு வழியின்றி முகவரிடமே போகவேண்டியிருக்கிறது என்பது முறைப்பாடு. ஆணையம் விசாரித்தது. 2014 ஓகஸ்ட் 25ஆம் திகதி பதினான்கு கார்க் கொம்பனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி இந்திய ரூபா தண்டம் விதித்தது. பாகங்களின் விலையில் நூறு வீதத்திலிருந்து ஐயாயிரம் வீதம்வரை ஏற்றம் வைக்கப்பட்டிருந்ததை அந்தத் தீர்ப்புப் பதிவுசெய்திருக்கிறது. வெளியே திருத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ரத்துச்செய்யக்கூடாது என்றும் பணித்தது. கொம்பனிகள் மேன்முறையீடு செய்தன. தண்டம் வேறு வழக்காக நீண்டது. ஆனால் ஓர் அரசு நிறுவனம் பக்கம் பக்கமாக எழுதிவைத்த உண்மையை மேன்முறையீடு அழித்துவிடாது.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே மக்னசன்-மொஸ் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட கடையில் குறிப்பிட்ட பாகம் போட்டால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை போடுவதை அது தடுக்கிறது. மசச்சூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்துத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். கம்பியில்லா முறையில் கார் தன் தகவலை நேரே கொம்பனிக்கு அனுப்பத் தொடங்கியதும், 2020இல் மறுபடி வாக்கெடுப்பு. அந்தத் தகவல் வெளியாரின் கைக்குப் போனால் கயவர்கள் பெண்களைப் பின்தொடர்வார்கள் என்று கொம்பனிகளின் தரப்பு அச்சமூட்டும் விளம்பரம் செய்தது. ஏறத்தாழ 75 வீதமானோர் விளம்பரத்தை நம்பாமல் மெக்கானிக்கை நம்பினார்கள். அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதலாம் திகதியிலிருந்து, திருத்தத் தகவலை நியாயமான விலைக்கு வெளிக் கராஜ்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு நெடுங்காலமாக உண்டு, பலருக்குத் தெரியாது.

இப்போது மைத்துனரிடம் திரும்பி வருகிறேன். அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சுவாக்கில் கேட்டேன்: "அங்க உங்கட காரை எங்க குடுக்கிறனீங்கள்?" ஸ்காபரோவில் எங்கட பொடியன் ஒருத்தன் கராஜ் வைத்திருக்கிறான் என்றார். கொம்பனியில் ஒரு மணித்தியாலக் கூலியே தலை சுற்றும் என்றார். அந்தப் பொடியன் நேர்மையானவன், தேவையில்லாததைக் கழற்றமாட்டான் என்றார். நான் மீன்குழம்பை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். ஸ்காபரோவில் தமிழன் திருத்தினால் கெட்டித்தனம், அடம்பனில் தமிழன் திருத்தினால் விசரா? தூரத்தின் கோளாறா, கூரையின் கோளாறா?

எதிர்த்தரப்பின் வாதங்களில் உண்மையும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் என் வழக்கு நொண்டும். ஊர்க் கராஜ்களில் கள்ளர் இல்லையா? இருக்கிறார்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கழுவி, புதுப் பெட்டியில் வைத்து எனக்கே விற்ற ஒருவரை நான் அறிவேன். போலிப் பாகங்களுக்குக் குறைவில்லை. பிரேக் பாட் போலியாக இருந்தால் விளைவு மரணம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எண்ணெய்க் குழிக்குள் இறக்கி வேலை வாங்கிய கராஜ்களும் இருந்தன. இவற்றுக்கெல்லாம் பதில் பரிசோதனையும் பயிற்சியும் சான்றிதழும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. அனுபவத்தால் கற்றவரைப் பரீட்சித்துத் தேசியத் தொழில் தகைமை கொடுக்கும் ஏற்பாடும் நாட்டில் உண்டு. கராஜ்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பது என் மனத்தாங்கல். தம்பியிடமே எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "இனி எனக்கென்னத்துக்கு அண்ணை சோதினை" என்கிறார். இதில் அவர் செய்வது பிழை.

கொம்பனியிடமே போகவேண்டிய இடமும் உண்டு. தக்காதா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பைகள் உலகறிந்த உதாரணம். காற்றுப்பையை ஊதவைக்கும் இரசாயனம் வெப்பத்தாலும் ஈரலிப்பாலும் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சாரதியின் முகத்தில் எறிந்தது. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஊதிகள் திருப்பி அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017 ஜூனில் வங்குரோத்தானது. எங்கள் தீவிலோ வருடம் முழுவதும் வெப்பமும் ஈரலிப்பும்தான். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வைத்திருப்பவர்கள் தங்கள் சசி இலக்கத்தைச் சரிபார்க்காமல் இருந்தால் இன்றே பார்க்கவேண்டும். இதை எனக்குச் சொன்னவர் யார் தெரியுமா? கண்ணாடி மாளிகையில் நான்கு ஆண்டுகள் சேர்விஸ் செய்தேனே, அங்கே எவரும் சொல்லவில்லை. ஸ்ரியரிங்கைக் கழற்றவேண்டிய ஒரு வேலையின்போது தம்பிதான் கையை எடுத்துக்கொண்டு, "அண்ணை, இந்தப் பையில நான் தொடமாட்டன். இலக்கத்தைக் குடுத்துக் கேளுங்கோ" என்றார். தன்னால் முடியாததைத் தெரிந்துவைத்திருப்பவனைத்தான் நான் தொழிலாளி என்பேன்.

ஆகவே என் வாதம் கொம்பனி வேண்டாம் என்பதன்று. காருக்கு விலை கொடுத்தவன் நான். யார் அதைத் திறப்பது என்று முடிவுசெய்யும் உரிமையும் அந்த விலைக்குள் அடங்கவேண்டும். இந்த உரிமைதான் இப்போது கண்ணுக்குத் தெரியாமல் கழன்றுகொண்டிருக்கிறது.

2025இல் இறக்குமதி திறந்ததும் சீன மின்சாரக் கார்கள் பெருமளவில் வந்திறங்கின. மன்னார்ப் பக்கத்தில் ஆசிரியத் தம்பதியர் ஒருவரும் கடன்பட்டு ஒன்று வாங்கினார்கள். சில மாதங்களில் ஒருநாள் மின்னேற்றம் ஏற மறுத்துவிட்டது. தம்பி போய் ஸ்கானரைச் செருகினார். திரை வெறுமையாக இருந்தது. மறுபடி செருகினார். திரும்பி வந்து கொட்டகையில் உட்கார்ந்து, "அண்ணை, அது என்னோட கதைக்குதில்லை" என்றார்.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர் அவர். முள்ளிவாய்க்காலிலிருந்து வெறுங்கையோடு வந்து தொழிலை மறுபடி கட்டியவர். கஷ்டமான வேலை என்று எதையும் அவர் திருப்பி அனுப்பி நான் கண்டதில்லை. இங்கே வேலை கஷ்டமில்லை; கதவு பூட்டியிருக்கிறது, திறப்பு பீஜிங்கிலோ கொழும்பிலோ இருக்கிறது. அந்தக் கார் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய், மென்பொருள் மாற்றிக்கொண்டு மூன்று கிழமையில் திரும்பியது. கோளாறு ஒரு பாகத்தில்கூட இல்லை. ஆசிரியைக்கு லொறிக் கூலிதான் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும் பகுதியை விழுங்கியது. கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு பின்னேர அலைச்சல். அடம்பனில் இருப்பவருக்கு இது வேறு கணக்கு.

தம்பியிடம் நிற்கும் பையனுக்கு இருபத்திரண்டு வயது. கைராசிக்காரன், சத்தத்தை வைத்தே பெயரிங்கைச் சொல்லிவிடுவான். கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டான். இன்னும் பத்து வருடத்தில் வருகிற காரெல்லாம் கதைக்காத கார் என்றால், நான் ஏன் இந்தக் குழிக்குள் கிடக்கவேண்டும் என்று கேட்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை; சட்டத்திடம்தான் இருக்கவேண்டும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அரிசி விலைக்கும் தேங்காய் விலைக்கும் அதன் பெயரில் அதிகாரிகள் கடைகளில் இறங்குகிறார்கள்; நல்லது. ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருங்காசு போடும் பொருள் வாகனம். அதை இறக்குமதி செய்து விற்கும் ஒவ்வொருவரும் திருத்தக் கைந்நூலையும், குறியீடுகளின் பொருளையும், பரிசோதனை மென்பொருளையும் நியாயமான விலைக்கு, தகைமை பெற்ற எந்தக் கராஜுக்கும் கொடுக்கவேண்டும் என்றும், வெளியே ஒயில் மாற்றியதற்காக உத்தரவாதத்தை ரத்துச்செய்யக்கூடாது என்றும் ஒரு விதி கொண்டுவர என்ன தடை? இறக்குமதி வரி விகிதத்தை இரவோடிரவாக மாற்றத் தெரிந்த அரசாங்கத்துக்கு இதை எழுதத் தெரியாதா? வன்னித் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் தீர்வையற்ற வாகனத்தைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

கராஜ்காரர்களும் தனித்தனியே வேப்பமரத்தின் கீழ் புலம்பிப் பயனில்லை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை எங்கள் ஊர்க்காரருக்கு வேறொருவர் சொல்லித்தரவேண்டியதில்லை. மன்னார், வவுனியா, அனுராதபுரம் கராஜ்காரர் ஒன்றுசேர்ந்து ஒரு நல்ல கருவியைப் பொதுவாக வாங்கினாலே பாதி வேலை முடியும். தம்பியும் அனுராதபுர நண்பரும் இதைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள் என்று அறிகிறேன். அந்த அரைத் தமிழ் அரைச் சிங்கள உரையாடலில் எனக்கு நம்பிக்கை உண்டு.

மைத்துனர் வருகிற ஓகஸ்டிலும் மடுவுக்கு வருகிறார். கட்டுநாயக்காவில் இறங்கியதும் என் காரில்தான் ஏறுவார். முன் பிரேக் பாட் தேய்ந்திருக்கிறது. நாளை காலை எட்டு மணிக்கு முன்னர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் தம்பி. அதற்குப் பிறகு போனால் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டிவிடும்.